தொண்ணூத்தஞ்சு டிகிரியில பேசுறவன்

ரூபன் செத்து ஒரு மாசங்கூட ஆகல. ஒரு மத்தியானம் அவன் கம்ப்யூட்டர் பெட்டியோட பின்பக்கத்துல இருந்து வந்த சூட்டுக் காத்து, "பென்னி, ஃபேனப் போடுடி"ன்னு சொல்லுச்சு; அடுப்பு முன்னால அரிசி களைஞ்சுக்கிட்டிருந்த அவங்கம்மா எஸ்தர் தலையக்கூடத் திருப்பாம, "போட்டுத்தாண்டா இருக்கு, கரண்டு கொறச்சலா வருது"ன்னு பதில் சொல்லிட்டு, பானையில இன்னொரு கைப்பிடி அரிசியச் சேத்துப் போட்டா.

இது நடந்தது வேலூர்ல, கண்ணாடிக்காரச் சந்துல. ஆஸ்பத்திரி ஆயாம்மாங்களும், பாத்திரம் வாடகைக்கு விடுறவங்களும், இட்லிக்கடைக்காரங்களும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்ச மாதிரி வீடு கட்டிக்கிட்டிருக்குற சந்து. கத்திரி வெயில் மொட்ட மாடித் தண்ணித் தொட்டிய வெந்நீர் அண்டாவா ஆக்கியிருந்துச்சு. ரூபன் செத்ததும் அந்த வெயில்லதான். கல்யாண வீடியோ புடிக்கிறவன் அவன். புதுசாக் கல்யாணம் ஆன சோடி ஒண்ணு, உச்சி வெயில்ல, ஊருக்கு வெளிய ஒரு பொட்டல்ல, கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு கையக் கோத்துச் சுத்திச் சுத்தி நடக்க, இவன் தலையில ஒரு தொப்பிகூட இல்லாம கேமராவத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே ஓடி, ஒரு கட்டத்துல பொத்துனு தரையில படுத்தான். கீழ படுத்து ஆங்கிள் பாக்குறான் போலன்னு நெனச்சு அந்தச் சோடி சிரிச்ச மூஞ்சி மாறாம நின்னுக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறந்தான் யாரோ கிட்டப் போய்ப் பாத்தாங்க.

அடக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் அழுதப்ப அவன் தங்கச்சி பென்னி மட்டும் சண்ட போட்டா. காலேஜ்ல மூணாவது வருஷம் பிசிக்ஸ் படிக்கிறவ. அவ வாயத் தொறந்தா ஆட்டோக்காரங்களே மீட்டரப் போட்டுடுவாங்க. டாக்டர்கிட்ட சண்ட, அந்தச் சோடிகிட்ட சண்ட, மாலை வாங்கிட்டு வந்தவங்ககிட்ட, "உசுரோட இருந்தப்ப ஒரு தொப்பி வாங்கிக் குடுத்தீங்களாடா"ன்னு சண்ட, கடைசியாப் பெட்டிக்குள்ள படுத்திருந்தவன்கிட்டயே சண்ட. எஸ்தரு சண்டயும் போடல, அழவும் இல்ல. ஆஸ்பத்திரியில ஆயா வேல பாக்குறவ, நைட் டியூட்டி முடிஞ்சு வந்த மாதிரி காலக் கழுவிக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்தா, உக்காந்தவ உக்காந்தவதான்.

ரூபன் பாதியில விட்டுட்டுப் போன அந்தக் கல்யாண வீடியோவ முடிச்சு அந்தச் சோடி மூஞ்சில விட்டெறியணும்னு பென்னிக்கு ரோசம். கேமராவுல கெடந்த மிச்சத்தையெல்லாம், கடைசிக் காட்சிய மட்டும் பாக்காமலேயே, வரிசையாக் கோத்து, எல்லாத்தையும் ஒரே படமா மாத்துற பட்டன அமுக்குனா. அந்த வேலையில கம்ப்யூட்டரோட மூளையான பிராசஸருக்கு நாக்கு தள்ளிடும். அதோட தலையில இருந்ததோ, வாங்குறப்பவே கூட வந்த, பன்னு சைஸ் ஃபேன். ஸ்கிரீன் ஓரத்துல சூடு அறுவது, எழுவது, எம்பதுன்னு ஏறி, தொண்ணூத்தஞ்ச தொட்டு நம்பர் செவப்பானப்பத்தான் ரூபன் வாயத் தொறந்தான். டேபிள் ஃபேன் முன்னால உக்காந்து பேசுனா குரல் துண்டு துண்டா அதிருமே, அப்படி ஒரு அதிர்வு அந்தக் குரல்ல. ஆனா சந்தேகமே இல்லாம அவன் குரல், 'டி'ய அழுத்திச் சொல்ற அவன் திமிரு. நாலு வார்த்தக்குள்ள சூடு நூறத் தொட்டு மிஷின் தன்னால அணைஞ்சுடும். ஆற வச்சுத் திரும்பப் போட்டா படம் மொதல்ல இருந்து ஓடும், திரும்பத் தொண்ணூத்தஞ்சு, திரும்ப நாலு வார்த்த.

சந்துக்காரங்களுக்கு ஆச்சரியப்பட நேரமில்ல, செய்ய வேண்டிய வேல நெறைய இருந்துச்சு. பாத்திரக்கட கரீம் பாய் கேக்காமலேயே பிளாஸ்டிக் சேர் எறக்கினாரு. தெனம் சாயங்காலம் ரூபன் பேசுற நேரத்துல வோல்டேஜ் எறங்கக் கூடாதுன்னு, சந்துல ஒருத்தரும் மிக்சி, கிரைண்டர் போடுறதில்லன்னு முடிவாச்சு. அதனால எல்லா வீட்டுலயும் தேங்காச் சட்னி காலையிலேயே அரைச்சு சாயங்காலம் புளிச்சுது, அதையும் யாரும் கொற சொல்லல. சர்ச்சுப் போதகரு எபநேசர் ஐயா வந்து, பெட்டி பின்னால காத வச்சுக் கேட்டுட்டு, "இப்படி வரும்னு வேதத்துல எழுதல, வராதுன்னும் எழுதல"ன்னு சொல்லி ஜெபம் பண்ணிட்டு ரெண்டாவது வரிசையில உக்காந்துட்டாரு. அந்தக் கல்யாணத்துக்குப் போகாத சந்துக்காரங்களுக்கு அந்தக் கல்யாணம் மனப்பாடம் ஆச்சு: பொண்ணோட சித்தப்பா எத்தனாவது நிமிஷத்துல பந்தியில ரெண்டாவது தடவ உக்காருவாரு, மாப்பிள எப்ப மோதிரத்தத் தவற விடுவான், எல்லாம். அவன் தவற விடுறப்ப எல்லாரும் சேந்து "விட்டான்!"னு கத்துவாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல நம்பர் செவப்பாகும், சந்தே மூச்சடக்கும்.

"டேய் ரூபா, எங்கிட்ட வாங்கிட்டுப் போன தூக்கு எங்கடா?"ன்னு கேட்டா இட்லிக்கட தெய்வானை அக்கா.

"கதவத் தொறங்க"ன்னுச்சு காத்து.

"பாத்தியா, கதவுக்குப் பின்னாலதான் வச்சிருக்கான்"னு சொல்லி, சந்துல இருக்குற கதவு எல்லாத்துக்கும் பின்னால தேடி, தூக்கு கெடைக்காம, வேற யாரோடதோ ஒரு சொம்பு கெடச்ச சந்தோசத்துல போனா. பக்கத்துத் தெருவுல இருந்து வந்த விதவைங்க, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தியான்னு கேட்டாங்க. "தண்ணி"ன்னான் ரூபன். அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ப் படத்து முன்னால ஒரு டம்ளர் தண்ணி வச்சாங்க.

எஸ்தருக்கு உசுரு வந்துச்சு. தல வாரினா, சாப்பிட்டா, வேலைக்குப் போனா, வார்டுல இருக்குற நர்சுங்ககிட்ட "எம் பையன் நேத்து நல்லாப் பேசுனான்"னு வெளிநாட்டுல இருக்குற புள்ளயப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னா. ஒவ்வொரு நாளும் மிஷின் அணையுறதுக்கு முன்னால கடைசியா அவன் சொல்றது ஒண்ணேதான்: "எம்மா, ஒண்ணு சொல்லட்டா..." அதோட கருப்பாயிடும் ஸ்கிரீன். அந்த ஒண்ணு என்னவா இருக்கும்னு சந்து முழுக்கப் பேச்சு. பென்னிக்கு மாப்பிள பாக்கச் சொல்லுவான்னு தெய்வானை அக்கா. ஞானஸ்நானத்துல குடுத்த வாக்கப் பத்தி இருக்கும்னு எபநேசர் ஐயா.

பென்னி மட்டும் சேர்ல உக்காரல. சொவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே கேட்டா, நாளுக்கு நாள் அவ மூஞ்சி கடுகடுன்னு ஆச்சு.

"எம்மா, அவன் என்ன சொல்றான்னு ஒரு நாளாவது கேட்டியா? ஃபேனப் போடு, கதவத் தொற, தண்ணி குடு. இதத் தவிர வேற ஏதாவது சொன்னானா? அவன் பேசலம்மா. வேகுறான்."

"வாயக் கழுவுடி. ஏதோ பேசுறான்ல? பேசட்டும்."

"சூடு ஏறுனாத்தான் பேசுறான்னா அப்பவே தெரிய வேணாமா? தெனம் சாயங்காலம் அவன அடுப்புல ஏத்தி வச்சுட்டு சுத்தி உக்காந்து சட்னி கத பேசுறீங்க. நல்ல சனங்க!"

"ஒனக்கு என்னடி வேணும் இப்ப? அவன் வாயையும் மூடணுமா? ஏற்கனவே ஒரு தடவ மண்ணப் போட்டு மூடியாச்சு."

பென்னி சொவத்த விட்டு விலகி வெளிய போய்ட்டா.

அப்புறம் பெட்டியில இருந்து தீஞ்ச நாத்தம் வர ஆரம்பிச்சுது. பஜார்ல இருந்து கம்ப்யூட்டர்கடைக்காரரக் கூட்டிட்டு வந்தாரு பாய். அவரு தெறந்து பாத்துட்டு உச்சுக் கொட்டினாரு. "தெனம் நூறு டிகிரிக்கு ஏத்தி விட்டா எது தாங்கும்? சீக்கிரமே வெந்துடும். இந்த சின்ன ஃபேனத் தூக்கிப் போட்டுட்டுப் பெரிய கூலரா மாட்டுங்க. குழாய் வச்சு, டபுள் ஃபேனோட வருது. பிராசஸர் சாவாது."

சாவாதுன்ற ஒரு வார்த்ததான் சந்துக்குக் கேட்டுச்சு. பையன் ரெண்டாவது தடவ செத்துடக் கூடாதுன்னு அன்னைக்கே ஆளாளுக்குப் பணம் போட்டு கூலர் வாங்க முடிவு பண்ணிட்டாங்க. கூலர் மாட்டினா சூடு ஏறாது, சூடு ஏறலன்னா தொண்ணூத்தஞ்சு வராது, தொண்ணூத்தஞ்சு வரலன்னா ரூபன் வரமாட்டான்: இந்தக் கணக்கு அந்தக் கூட்டத்துல பென்னிக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. எல்லாத்துக்கும் எதுத்துப் பேசுறவ, அன்னைக்கு வாயத் தொறக்கல. "நானே மாட்டுறேன்"னு மட்டும் சொன்னா.

ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சு விட்டதும் வேல ஆரம்பிச்சுது. பெட்டியப் படுக்கப் போட்டு சைடு கதவக் கழட்டினா. எஸ்தரு டார்ச்சு புடிச்சா, ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டருக்குப் புடிச்சுப் பழகின, ஆடாத கை. பழைய ஃபேன மெதுவாத் திருகித் தூக்கினா, அடியில சூட்டக் கடத்த வச்சிருந்த பசை காஞ்சு சாம்பலாட்டம் உதிந்துச்சு. பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டுத் தொடச்சா, பிராசஸர் கண்ணாடி மாதிரி பளபளன்னு வந்துச்சு. கூலரத் தாங்க போர்டுக்குப் பின்பக்கம் தகடு, முன்பக்கம் பட்டை, நாலு பக்கம் நட்டு. புதுப் பசைய ஒரு பட்டாணி அளவு நடுவுல வச்சா.

"இன்னும் கொஞ்சம் வைடி, கஞ்சத்தனம் பண்ணாத"ன்னா தெய்வானை அக்கா.

"இது என்ன இட்லிக்கு எண்ணெயா? நீ ஒங்கடையப் பாரு, போ."

"நல்லதுக்குச் சொன்னா கடிக்கிறாளே! எஸ்தரு, ஒம்பொண்ண எவன் கட்டிக்கப் போறானோ."

"எவனும் கட்டிக்க வேணாம். ஒந்தூக்கக் கண்டுபுடிச்சுட்டியா மொதல்ல?"

இந்த வாக்குவாதத்துலதான் அது நடந்துச்சு. வீம்புக்குப் பேசிக்கிட்டே கூலரத் தூக்கி, தலைக்கு நேராப் புடிச்சு, பிராசஸர் மேல எறக்கி, குறுக்கும் நெடுக்குமா நாலு ஸ்க்ரூவையும் கொஞ்சங் கொஞ்சமா முறுக்கினா. ரெண்டு ஃபேனையும் கம்பியில மாட்டி, ஒயரச் சொருவினா. கூலர் அவ்வளவு ஒசரம், சைடு கதவு மூட வரல. "தெறந்தே கெடக்கட்டும்"னாரு பாய், "பையனுக்குக் காத்தோட்டமா இருக்கும்."

டெஸ்ட் பண்ண அந்த வீடியோவத்தான் ஓட விட்டாங்க. பட்டன அமுக்குறப்ப பென்னி மனசுக்குள்ள "போய்ட்டு வாடா"ன்னு சொல்லிக்கிட்டா. ஐம்பது. எழுவது. பொண்ணோட சித்தப்பா ரெண்டாவது பந்தியில உக்காந்தாரு. எம்பது. இது வரக் கூடாதே. மாப்பிள மோதிரத்த விட்டான். தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சு.

"அப்பாடா, என்னா வெயிலு"ன்னான் ரூபன்.

சந்து கைதட்டுச்சு. எஸ்தரு மகள் தலையப் புடிச்சு உச்சியில முத்தம் குடுத்தா. கணக்கு பொய்யாப் போனதுல அப்படி ஒரு சந்தோசம் தனக்கு வரும்னு பென்னி எதிர்பாக்கல. அப்பத்தான், மூடாத சைடு பக்கமா, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவுல இருந்து ஒரு ஓரம் எட்டிப் பாக்குறது அவ கண்ணுல பட்டுச்சு. மாட்டுறதுக்கு முன்னால உரிச்சுப் போட வேண்டிய பிளாஸ்டிக் தாளு. கடையில இருந்து வர்றப்ப அடிப்பக்கம் கீறல் விழாம இருக்க கம்பெனிக்காரன் ஒட்டியிருப்பான். அதத்தான் அவ சண்டையில உரிக்க மறந்திருந்தா. சூடு கூலருக்குள்ள ஏறவே இல்ல, தாளு தடுத்துடுச்சு.

யாருக்கும் தெரியாது. அவ சொல்லலன்னா யாருக்குமே தெரியப் போறதில்ல. அம்மா தல வாருவா, சாப்பிடுவா. அவ பேசாம நின்னா.

ஆனா கூலர் பெரிசு. தாளோட இருந்தும் கொஞ்சம் சூட்ட அது குடிச்சுது, அதனால இந்தத் தடவ நூறு சட்டுன்னு வரல. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழுன்னு தயங்கித் தயங்கி ஏற, படம் இதுவரைக்கும் போகாத எடத்துக்குப் போச்சு. பொட்டல் வந்துச்சு. சோடி கருப்புக் கண்ணாடியோட நடந்துச்சு. திடீர்னு ஸ்கிரீன் குடை சாஞ்சுது. காஞ்ச புல்லு, அதுக்கு அந்தப் பக்கம் சாஞ்சு நின்னு சிரிக்கிற ரெண்டு பேரு, மேல பூரா வெள்ள வெயில். படம் அசையவே இல்ல.

"எம்மா, ஒண்ணு சொல்லட்டா"ன்னான் ரூபன்.

"சொல்லுடா சாமி"ன்னு எஸ்தரு பெட்டி பின்னால மண்டி போட்டா.

"மேல வெயில் அடிக்குதும்மா. எந்திரிக்க முடியல. யாரையாவது என்னக் கொஞ்சம் நெழலுக்கு இழுத்து விடச் சொல்லேன்."

சேர் எல்லாம் அப்படியே உறைஞ்சு போச்சு. கரீம் பாய் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. தெனம் சாயங்காலம் தாங்க எங்க உக்காந்திருந்தோம்னு ஒவ்வொருத்தருக்கும் வெளங்குச்சு. அந்தப் பொட்டல்ல, அவன் பக்கத்துல, சேர் போட்டு உக்காந்திருந்தோம்.

எஸ்தரு என்ன பண்ணினான்னா, சடார்னு முந்தானைய உருவி, விரிச்சு, பெட்டி மேல நெழலாப் போட்டா. மேல போட்டு ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டா. காத்து போற வழியெல்லாம் அடஞ்சு, நம்பர் தொண்ணூத்தொம்பதுக்குத் தாவுச்சு, உள்ள இருந்து "எம்மா, எம்மா"ன்னு அலறல் வந்துச்சு.

"எடும்மா! எடு! நீ பொத்தப் பொத்த வேகுறாம்மா!"ன்னு பென்னி பாஞ்சு முந்தானையப் புடிச்சு இழுக்க, மிஷின் அணைஞ்சு போச்சு.

அப்புறம் பென்னி தரையில உக்காந்து, தாளப் பத்திச் சொன்னா. உரிக்க மறந்ததச் சொன்னா, பாத்த அப்புறமும் சும்மா நின்னதச் சொன்னா, உரிச்சா என்ன ஆகும்னும் சொன்னா.

"உரிச்சா ஆறிடுவானா?"ன்னு கேட்டா எஸ்தரு.

"ஆறிடுவான்."

"அப்புறம் பேச மாட்டான்."

"மாட்டாம்மா."

"ஒரு வார்த்தகூடவா?"

பென்னி தலைய ஆட்டுனா. எஸ்தரு பெட்டியையே பாத்துக்கிட்டிருந்தா. "நாளைக்கு உரிக்கலாமே"ன்னு சின்னப் புள்ள கேக்குற மாதிரி கேட்டா. கேட்டது அவளுக்கே கேட்டுச்சு போல. குனிஞ்சு, கீழ உருண்டு கெடந்த டார்ச்ச எடுத்து, உள்ளுக்குள்ள அடிச்சுக் காட்டுனா. ஆடாத அந்தக் கை இப்ப ஆடுச்சு, வெளிச்சம் பெட்டிக்குள்ள அங்கயும் இங்கயும் அலஞ்சுது.

"உரிடி. வெயில்ல கெடக்குறான்."

நாலு ஸ்க்ரூவையும் கழட்டுனா பென்னி. கூலரத் திருப்பினா, அடியில தாளு இருந்துச்சு, 'உரிக்கவும்'னு அதுலயே எழுதியிருந்துச்சு, இங்கிலீசுல. நகத்தால ஓரத்தக் கிளப்பி இழுத்தா, சத்தமில்லாம வந்துச்சு. திரும்பப் பஞ்சு, திரும்ப ஸ்பிரிட்டு, திரும்பப் பட்டாணி அளவு பசை. இந்தத் தடவ தெய்வானை அக்கா ஒண்ணும் சொல்லல, பென்னி மூஞ்சியில வழிஞ்சத முந்தானையால தொடச்சு மட்டும் விட்டா. கடைசி ஸ்க்ரூவ எஸ்தரு முறுக்கினா.

படம் மொதல்ல இருந்து ஓடுச்சு. சித்தப்பா சாப்பிட்டாரு, மோதிரம் விழுந்துச்சு, யாரும் கத்தல. ஐம்பத்தெட்டு. அறுவது. அறுவத்தொண்ணு. அறுவத்தொண்ணுலயே நின்னுச்சு. பெரிய ஃபேன் ரெண்டும் சத்தமே இல்லாம சுத்துச்சு. பொட்டல் வந்துச்சு, ஸ்கிரீன் சாஞ்சுது, காஞ்ச புல்லு, வெள்ள வெயில். அறுவத்தொண்ணு. படம் முடிஞ்சுது. நம்பர் எறங்க ஆரம்பிச்சுது, ஐம்பது, நாப்பத்தஞ்சு, நாப்பது. எஸ்தரு பெட்டி பின்னால, வர்ற காத்துல, பொறங்கைய வச்சுப் பாத்தா, வார்டுல காச்சக்காரங்க கழுத்துல வச்சுப் பாக்குற மாதிரி.

"ரூபா"ன்னு கூப்பிட்டா.

காத்து வந்துச்சு. வெறும் காத்து, மொகத்துக்கு எதமா.

"ரூபா"ன்னு இன்னொரு தடவ கூப்பிட்டா. அப்புறம் அவ வயித்துல இருந்து ஒரு சத்தம் கெளம்புச்சு. கல்லறையில வராதது, வீட்டுல வராதது, இத்தன நாளும் வராதது. அதக் கேட்டு சந்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் சேர விட்டு எறங்கி, தரையில அவளச் சுத்தி உக்காந்து, அவ கழுத்தக் கட்டிக்கிட்டாங்க. அன்னைக்குத்தான் கண்ணாடிக்காரச் சந்துல ரூபன் செத்தான். எபநேசர் ஐயா வெளிய போய் நின்னுக்கிட்டு மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டாரு. பென்னி யாரையும் திட்டல. கம்ப்யூட்டர் பக்கத்துல காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

கரீம் பாய் ஒவ்வொரு சேரா அடுக்காம, சத்தம் வராம, தூக்கித் தூக்கி வெளிய வச்சாரு. எல்லாம் முடிஞ்சதும் பென்னிகிட்ட வந்து குனிஞ்சு, "அணைச்சுடட்டுமாம்மா? வேலதான் முடிஞ்சுடுச்சே"ன்னாரு.

"வேணாம் பாய்"னா பென்னி. "இப்பத்தான் நெழலுக்கு வந்திருக்கான். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."